வீட்டிலேயே பெல்ட் கிரைண்டர்: கத்தி செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கமிருந்து, லாரி ஸ்பிரிங் பட்டையை அடித்துக் கத்தி செய்யும் நம் பிள்ளைகள், பெல்ட் கிரைண்டரை (சக்கரங்களில் ஓடும் உப்புத்தாள் பெல்ட்டால் இரும்பைத் தேய்க்கும் மெஷினை) வீட்டிலேயே கட்டுவது பற்றிக் கேட்டவை இவை.

பழைய வாஷிங் மெஷின் மோட்டார் சும்மா கிடக்கிறது. அதையே போட்டுவிடலாமா? (பெகு)

வேண்டாம். அந்த மோட்டாரின் உடம்பு பெரும்பாலும் திறந்தே இருக்கும். பறக்கிற இரும்புத்தூள் காயிலுக்குள் போய் உட்கார்ந்து ஒருநாள் ஷார்ட் ஆகிவிடும். பிரஷ் வைத்த ரகமென்றால் சுமை இல்லாதபோது வேகம் தாறுமாறாக ஏறும், அது இன்னும் ஆபத்து. முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த இண்டக்‌ஷன் மோட்டாராகத் தேடுங்கள். 1 எச்.பி. போதும். 2 எச்.பி. கிடைத்தால் அழுத்தித் தேய்க்கும்போது திணறாது.

காசை மோட்டாரிலும் சக்கரத்திலும் போடுங்கள். சட்டத்துக்குப் பழைய இரும்புக் கடையில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் சதுரக் குழாய்களே தாராளம். பெரிய குழாயின் உள்ளே நீளவாக்கில் ஒரு வெல்டிங் மேடு இருக்கும். அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டால் உள்குழாய் ஆட்டமில்லாமல் வழுக்கிப் போகும்.

மோட்டாரில் மாட்டிப் பெல்ட்டை ஓட்டும் டிரைவ் சக்கரம் எத்தனை அங்குலம் வைப்பது? (ரங்கூன்)

மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பார்க்காமல் சக்கரம் கடையக் கொடுக்காதீர்கள். நம் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் ஒரு ரக மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று ஓடும், இன்னொரு ரகம் 2,850 சுற்று. மீட்டரில் விட்டம், அதை 3.14-ஆல் பெருக்கி, அப்புறம் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் பெல்ட்டின் வேகம் வந்துவிடும்.

1,440 மோட்டாரில் 4 அங்குலச் சக்கரம் போட்டால் நிமிடத்துக்கு 460 மீட்டர். கூர் தீட்டவும் மெருகேற்றவும் அருமை, ஆனால் பட்டையைக் கூர் நோக்கிச் சரிவாகத் தேய்த்து இறக்கப் பொழுது போய்விடும். 2,850-இல் 6 அங்குலம் என்றால் 1,360 மீட்டர், கை பழகியவர்களின் வேகம். முதல் மெஷின் கட்டுபவருக்கு 2,850-இல் 4 அங்குலம்தான் என் சிபாரிசு. சுமார் 900 மீட்டர் வரும், வேலையும் நடக்கும், கையும் தப்பும். அந்தச் சுற்றுக்கு மரச் சக்கரம் ஆகாது, லேத்தில் கடைந்த அலுமினியமே வையுங்கள்.

இன்னொன்று. கத்தி செய்பவர்கள் விரும்பும் பெல்ட் 2 அங்குல அகலம், 72 அங்குல நீளம். ஆனால் உங்கள் ஊர்க் கடையில் எந்த அளவு தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் குழாயை அறுங்கள்.

பெல்ட் ஓரத்துக்குப் போய்க் கழன்று விழுகிறது. (மோல்மேன்)

சக்கரங்கள் எல்லாம் தட்டையாக இருந்தால் பெல்ட் நிற்காது. மேலே இருக்கும் டிராக்கிங் சக்கரத்தின் (பெல்ட்டை நடுவில் நிறுத்தும் சக்கரம்) நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். பெல்ட் எப்போதும் மேட்டைப் பார்த்தே ஏறும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான மேடு போதும். அந்தச் சக்கரத்தை ஒரு கீலில் மாட்டி, பின்னாலிருந்து போல்ட்டால் தள்ளிச் சாய்க்கும்படி வையுங்கள்.

அது இருந்தும் விழுகிறதென்றால் ஒரு நூலை இழுத்துப் பிடித்து, சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பாருங்கள். மோட்டாரைப் போடும் முன் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் ஒரே பக்கம் நகர்ந்துகொண்டே போனால் சக்கரம் கோணல். ஒவ்வொரு சுற்றுக்கும் இப்படியும் அப்படியும் ஆடினால் பெல்ட்டின் ஒட்டுதான் கோணல், மெஷினைத் திட்டிப் பயனில்லை.

கரன்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது. என்ன ஏற்பாடு செய்யலாம்? (ரங்கூன்)

சாதாரண சுவிட்ச் வைத்தவர்கள் தயவுசெய்து இன்றே மாற்றுங்கள். கரன்ட் போனதும் கத்தியை வைத்துவிட்டுப் பெல்ட் மாற்றக் கை கொடுப்பீர்கள். அந்த நேரம் கரன்ட் வந்தால் விரல் போய்விடும். கரன்ட் போனதும் தானே விழுந்து, மறுபடி பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடும் கான்டாக்டர் வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டுபவர்களுக்கு: மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரன்ட் இழுக்கும், சின்ன ஜெனரேட்டர் படுத்துவிடும். த்ரீ ஃபேஸ் மோட்டாரும் வி.எஃப்.டி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்கருவி) வாங்க முடிந்தால் அது மோட்டாரை மெதுவாகக் கிளப்பும், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். வீட்டுக் கரன்ட்டில் ஓடும் வி.எஃப்.டி. 220 வோல்ட்தான் தரும். ஆகவே 220/380 என்று போட்ட மோட்டாரை டெல்டா முறையில் (குறைந்த வோல்ட்டுக்கான முக்கோண இணைப்பில்) இணைக்க எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள். வி.எஃப்.டி.யைத் தூள் புகாத பெட்டிக்குள் வையுங்கள்.

தூளுக்கு என்ன செய்வது?

நல்ல மாஸ்க், கண்ணாடி, பெல்ட்டுக்குக் கீழே தண்ணீர் வாளி. பிடிக்கு மரம் தேய்த்த தூளைக் கூட்டி அள்ளாமல் இரும்பு தேய்க்காதீர்கள், பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். கையுறை வேண்டாம், பெல்ட் இழுத்துவிடும்.

கூர் பக்கம் நீலமாகிவிட்டது. தேய்த்து எடுத்தால் சரியாகுமா? (மோல்மேன்)

நிறம் போகும், உறுதி திரும்பாது. நீலம் என்றால் சூடு 300 டிகிரியைத் தொட்டிருக்கிறது. அந்த இடம் முழுவதையும் தேய்த்து நீக்கவேண்டும், இல்லாவிட்டால் மறுபடி காய்ச்சித் துவைச்சல் கொடுக்கவேண்டும் (காய்ச்சிய இரும்பைச் சட்டென்று குளிரவைத்து உறுதியேற்றுவதுதான் துவைச்சல்). துவைச்சல் கொடுத்த கத்தியை வெறும் விரலால் பிடித்து, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்குங்கள். மழுங்கிய பெல்ட்தான் அதிகம் சூடேற்றும். அதை மரப்பிடிக்கு ஒதுக்கிவிட்டு இரும்புக்குப் புதியதை மாட்டுங்கள்.