விழுந்த காக்கைக் குஞ்சை வளர்த்தது குற்றமா?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். போன வருஷம் கோடைக் காற்றில் வேப்பமரத்திலிருந்து விழுந்த காக்கைக் குஞ்சை என் மகள் எடுத்து வந்து, சோறும் முட்டையும் ஊட்டி வளர்த்தாள். ஓர் இறக்கை சரியாகக் கூடவில்லை, பறக்க முடியாது. வனத்துறையிடம் சொல்லி ஜெயிலில் போடுவேன் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். காக்கை வளர்க்க லைசென்ஸ் வாங்கலாமா?

பதில்: வாங்க முடியாதம்மா. வீட்டில் காக்கை வளர்க்க லைசென்ஸ் தரும் வழி எதுவும் சட்டத்தில் இல்லை.

காக்கைக்கு ஏது சட்டம் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு காலத்தில் அது சரி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கை எலியோடு சேர்ந்து ஐந்தாம் அட்டவணையில், தொல்லை தரும் உயிர்களின் வரிசையில் இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் அந்த வரிசையையே எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் சாம்பல் கழுத்துள்ள நம் ஊர்க் காக்கை இரண்டாம் அட்டவணையில் பாதுகாக்கப்படும் பறவை. அதைப் பிடித்தால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உங்கள் மகள் பிடிக்கவில்லை, காப்பாற்றினாள். அவளை நான் குற்றவாளியாகப் பார்க்க மாட்டேன். சிக்கல் அதற்குப் பிறகுதான். சட்டத்துக்கு மாறாக வைத்திருக்கும் காட்டுயிர் அரசின் சொத்து என்கிறது 39-ஆம் பிரிவு. அது கைக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ வன அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும். நீங்கள் தெரிவிக்கவில்லை. உத்தரப் பிரதேசம் அமேதியில் காயம்பட்ட சாரஸ் கொக்கைக் காப்பாற்றி வளர்த்தவரிடமிருந்து 2023 மார்ச்சில் வனத்துறை அதைக் கொண்டுபோனது. அவர்மேல் வழக்கும் பதிவானது. நல்ல மனசு மட்டும் போதவில்லை.

பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாகக் காக்கையை எங்காவது விட்டுவிடாதீர்கள். கையால் ஊட்டி வளர்ந்த பறவைக்கு நாயிடம் பயமிருக்காது, பிற காக்கைகளும் கொத்தும். பறக்கவும் முடியாததை வெளியே விடுவது கொல்வதற்குச் சமம்.

எதிர்வீட்டுக்காரர் முந்துவதற்குள் நீங்களே வேலூர் மாவட்ட வன அலுவலருக்கு மனு எழுதுங்கள். குஞ்சு கிடைத்த விதம், இறக்கையின் நிலை, தெரிவிக்கத் தாமதமான காரணம் மூன்றையும் மறைக்காமல் எழுதுங்கள். சின்ன வயசில் எடுத்த போட்டோக்கள், கால்நடை மருத்துவரின் சீட்டு இருந்தால் சேருங்கள். மருத்துவரை வைத்துப் பரிசோதித்து, பறக்காது என்றால் துறையின் பராமரிப்பில் வைக்கும்படி கேளுங்கள். அமிர்தி உயிரியல் பூங்காவா, வேறிடமா என்பது அவர்கள் முடிவு. எடுக்க வந்தால் தடுக்காதீர்கள். மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள், அவளுக்குத்தான் இது கஷ்டம்.

மனுவை நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபாலென்றால் பட்டுவாடா ஆனதற்கான சான்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.