இரட்டை இன்ஜின் படகை ஜெட்டியில் (படகுத்துறையில்) கட்டுவது: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: என் படகு 38 அடி. உள்ளே இரண்டு டீசல் இன்ஜின், ஷாஃப்ட், சுக்கான். ஜெட்டி அருகே ஸ்டியரிங்கை எவ்வளவு சுற்றினாலும் படகு கேட்பதில்லையே?

பதில்: கேட்காதுதான். சுக்கான் மீது தண்ணீர் வேகமாக மோதினால்தான் அது வேலை செய்யும். ரிவர்ஸில் ப்ரொப்பெல்லர் தண்ணீரை முன்னால் தள்ளுகிறது, சுக்கானுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அதனால் ஸ்டியரிங்கை நடுவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவருக்கு இது புதிதல்ல. இடத்தனை முடுக்கி வலத்தனை இழுத்துப் பிடித்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். படகிலும் இடது இன்ஜின் முன்னால், வலது ரிவர்ஸ் என்றால் முகப்பு வலப்பக்கம் திரும்பும். த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டும் பிடி) தொட வேண்டாம், ஐடிலில், அதாவது இன்ஜினின் மிகக் குறைந்த வேகத்தில், கியர் மட்டும் போதும். முன்னாலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது நியூட்ரலில் இரண்டு நொடி நிறுத்துங்கள், கியர்பாக்ஸ் பிழைக்கும்.

கேள்வி: நின்ற இடத்தில் சுற்றப் பார்த்தால் படகு மெல்ல முன்னால் போய்விடுகிறது.

பதில்: ப்ரொப்பெல்லரின் இலை முன்னால் தள்ளுவதற்காகச் செய்தது. ரிவர்ஸில் இழுவை குறைவு. இங்கே மட்டும் ரிவர்ஸ் பக்கம் த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டுங்கள், அல்லது முன்னால் தள்ளும் இன்ஜினை இடையிடையே நியூட்ரலுக்கு எடுங்கள்.

கேள்வி: இடப்பக்கத்தை ஜெட்டியில் கட்ட வேண்டும். முகப்பு சேர்ந்துவிடுகிறது, பின்பக்கம் வெளியே நிற்கிறது.

பதில்: 15, 20 டிகிரி சாய்வில், ஐடிலில் வாருங்கள். முகப்பு ஜெட்டியை நெருங்கியதும் வெளிப்பக்க இன்ஜினை, அதாவது வலதை, ரிவர்ஸில் போடுங்கள். படகும் நிற்கும், பின்பக்கமும் உள்ளே வரும். பெரும்பாலான படகுகளில், முன்னால் போகும்போது பின்னாலிருந்து பார்த்தால், வலது ப்ரொப்பெல்லர் கடிகார திசையில் சுற்றும், இடது அதற்கு எதிர். அந்த அமைப்பில் வலது ரிவர்ஸானால் ப்ரொப்பெல்லரின் பக்க இழுப்பும் (சுற்றும்போது அது பின்பக்கத்தை ஒரு பக்கமாக இழுப்பது) பின்பக்கத்தை இடப்பக்கமே கொண்டுவரும். இரட்டை லாபம்.

நான் ஒருமுறை அவசரத்தில் உள்பக்க இன்ஜினை ரிவர்ஸில் போட்டேன். முகப்பு நேராக ஜெட்டிக்குள் போய் முட்டியது. பெயின்ட் போனது பரவாயில்லை, கயிறு பிடிக்க நின்றவர்கள் முன்னால் மானம் போனதுதான் பெரிது.

கேள்வி: இரண்டு அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்) உள்ள படகுக்கும் இதேதானா?

பதில்: பாதிதான். அவுட்போர்டுகள் அருகருகே இருப்பதால் திருப்பும் பலம் குறைவு. ஆனால் ஸ்டியரிங்கைத் திருப்பினால் இன்ஜினே திரும்புவதால் இங்கே அது உதவும். ஸ்டியரிங்கை ஜெட்டிப் பக்கம் திருப்பி வெளிப்பக்க இன்ஜினை ரிவர்ஸ் போட்டால் பின்பக்கம் உள்ளே வரும். கட்டமரன் (இரண்டு உடல் சேர்த்த படகு) இதற்கு நேர்மாறு. இன்ஜின்கள் தூரத்தில் இருப்பதால் பம்பரம் மாதிரி சுற்றும்.

கேள்வி: காற்று ஜெட்டியோடு அமுக்குகிறது. எப்படிக் கிளம்புவது?

பதில்: முகப்பில் கட்டிய கயிற்றைப் பின்னோக்கிக் கொண்டுபோய் ஜெட்டியின் கட்டையைச் சுற்றி முனையைப் படகுக்கே கொண்டுவாருங்கள். முகப்பில் நல்ல ஃபெண்டர் (இடி தாங்கும் மெத்தை) அல்லது பழைய டயர். சுக்கானை ஜெட்டிப் பக்கம் திருப்பி, வெளிப்பக்க இன்ஜினை மட்டும் ஐடிலில் முன்னால் போடுங்கள். கயிறு தாங்கிக்கொள்ள, பின்பக்கம் வெளியே திறக்கும். 30, 40 டிகிரி திறந்ததும் நியூட்ரல், சுக்கான் நடுவில், இரண்டும் ரிவர்ஸ். அந்நேரமே கயிற்றை உருவிவிடுங்கள். அது தண்ணீரில் விழுந்து ப்ரொப்பெல்லரில் சுற்றினால் கதை முடிந்தது. காலால் ஜெட்டியை உதைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம். எதை எதிர்த்து வருவது?

பதில்: கொஞ்சம் தள்ளியே நியூட்ரலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். படகு எந்தப் பக்கம் நகர்கிறதோ அதற்கு எதிராக வாருங்கள்.

கேள்வி: வரும் வழியில் ஒரு இன்ஜின் நின்றுவிட்டால்?

பதில்: செத்த இன்ஜின் இருக்கும் பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுங்கள். உயிரோடு இருப்பது வெளிப்பக்கம் வரும், ரிவர்ஸ் போட்டால் பின்பக்கத்தை அதுவே உள்ளே சேர்த்துவிடும்.