கரிப்பூட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் சாயல்குடி பக்கம். மானாவாரியாகச் சோளம் போட்டிருந்தோம். கதிர் வந்ததும் பார்த்தால் பல கதிர்களில் மணி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னப் பைகள். நசுக்கினால் கரித்தூள். கரிப்பூட்டை என்றார்கள். இந்தப் பூஞ்சை ஈஸ்ட் மாதிரி ஒற்றைச் செல்லாக இருந்துவிட்டுச் செடிக்குள் போகும்போது பல செல் இழையாக மாறிவிடும் என்று படித்தேன். ஒரே உயிர் எப்படி இப்படி மாறும்? எங்கள் அப்பா பனையேறியவர். கள்ளில் இருக்கும் ஈஸ்டும் இதுவும் ஒன்றா? இப்போது மருந்து அடித்தால் பலன் உண்டா?

க., சாயல்குடி

அன்புள்ள க.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கதிரில் பை தெரிந்த பிறகு மருந்து அடிப்பது காசுக்குக் கேடு. நாற்று மண்ணை விட்டு மேலே வரும் முன்பே பூஞ்சை உள்ளே போயாயிற்று. குருத்தோடு குருத்தாக வளர்ந்து, கதிர் தள்ளும் வரை வெளியே முகம் காட்டாது. அது உள்ளே போவதற்கு என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்பதுதான் உங்கள் முதல் கேள்வி.

இந்த மாற்றத்தை ஆய்வாளர்கள் அதிகம் துருவிப் பார்த்தது மக்காச்சோளக் கரிப்பூட்டையில். உஸ்டிலாகோ மெய்டிஸ் என்று பெயர். உங்கள் வயலில் வந்ததற்கு நெருங்கிய உறவு. 2006இல் இதன் முழு மரபணுத் தொகுதியும் வெளியாகிவிட்டது.

கரித்தூளில் இருப்பதெல்லாம் பூஞ்சையின் வித்துகள். வித்து முளைத்ததும் அதிலிருந்து சிறு சிறு செல்கள் பிரிகின்றன. ஒவ்வொன்றும் ஈஸ்ட் போல மொட்டு விட்டுப் பெருகும். இந்த நிலையில் அது பரம சாது. ஒரே வகைச் செல்லை எவ்வளவு கொட்டினாலும் பயிருக்கு ஒன்றும் ஆகாது.

மாற்றம் தொடங்க அதற்கு ஒரு துணை வேண்டும். செல்களில் இரண்டு வகை உண்டு. ஒவ்வொன்றும் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும், எதிர் வகைதான் அதை உணரும். உணர்ந்ததும் மொட்டு விடுவதை நிறுத்திவிட்டு, மெல்லிய குழாயை நீட்டி ஒன்றை நோக்கி ஒன்று வளர்ந்து, தொட்டதும் கலந்துவிடும். அதோடு தீர்ந்துவிடவில்லை. இரண்டாவதாக ஒரு பரிசோதனை இருக்கிறது. ஒவ்வொரு செல்லிடமும் இரண்டு புரதங்கள் உண்டு. அவை ஜோடி சேர்ந்தால்தான் இழையாக வளரும் மரபணுக்கள் விழிக்கும். ஆனால் ஒரே செல்லில் பிறந்த இரண்டும் தமக்குள் சேரவே சேராது. ஒன்று இந்தச் செல்லுடையதாகவும் மற்றொன்று அந்தச் செல்லுடையதாகவும் இருக்க வேண்டும், அவை வேறு வேறு ரகமாகவும் இருக்க வேண்டும். சொந்தத்துக்குள் சம்பந்தம் செய்யாத குலம் மாதிரி.

ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பூஞ்சை வளர்க்கும், கரி கலந்த கறுப்பு ஊடகத்தில் ஒரு வகையை மட்டும் வைத்தால் வழவழவென்று வெண்ணெய் நிறத்தில் படரும். பொருந்தும் இரண்டையும் கலந்து வைத்தால் ஓரிரு நாளில் அந்தப் பொட்டு முழுக்க வெள்ளைப் பஞ்சாக மயிர்விட்டு நிற்கும். அந்த மயிர்தான் இழை.

இனி வருவதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கும் பகுதி. மக்காச்சோள இலை மேல் ஊரும் அந்த இழையைப் பல செல் என்று சொல்வதற்கே யோசிக்க வேண்டும். அதன் நுனியில் மட்டும்தான் உயிர் இருக்கிறது. இரண்டு உட்கருக்களும் ஒன்றாகக் கலக்காமல் அங்கேதான் இருக்கும். நுனி முன்னே போகப் போக, பின்னால் தடுப்புச் சுவர் எழுப்பிக் காலி அறைகளை விட்டுக்கொண்டே போகும். செல் பிரிவு அடியோடு நின்றிருக்கும். இலையின் நீர் ஒட்டாத மேற்பரப்பையும் அதன் மெழுகுத் தோலில் உள்ள கொழுப்பு அமிலங்களையும் உணர்ந்த பிறகு, நுனி லேசாகப் புடைத்து உள்ளே துளைக்கும். செடிக்குள் நுழைந்த பிறகுதான் நின்றுபோன பிரிவு மறுபடி தொடங்கும். கிளைவிட்டு, உயிருள்ள அறை அறையாகப் பெருகுவது அங்கேதான். ஆக, துணை கிடைத்தது பாதி, செடி கிடைத்தது மீதி. செடி கிடைக்காத இழைக்கு மேற்கொண்டு வழி இல்லை.

கள்ளுக்கு வருவோம். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் பனஞ்சாற்றைப் புளிக்க வைத்துக் கள்ளாக்கும் சக்கரோமைசஸ் என்ற ஈஸ்ட், பூஞ்சைக் குலத்தில் வேறு கிளை. இரண்டும் ஈஸ்டாக வாழ்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் அதற்குள்ளும் இந்தச் சுபாவம் கொஞ்சம் இருக்கிறது. நைட்ரஜன் பற்றாக்குறை வந்தால் அந்த ஈஸ்டும் செல்களை நீளமாக்கி, பிரியாமல் சங்கிலியாக ஒட்டிக்கொண்டு ஊடகத்துக்குள் இறங்கும். இது 1992இல் தெரியவந்தது. செல்லுக்குள் செய்தி கடத்தும் புரதத் தொடர்கூட இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. இவ்வளவு தூரம் பிரிந்துபோன இரண்டு கிளைகளும் அந்தத் தொடரைக் கைவிடவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

சரி, வயலுக்கு என்ன செய்வது? பை வெடிக்கும் முன் நோய்க் கதிரைத் துணிப் பைக்குள் அப்படியே வைத்து ஒடித்து எரித்துவிடுங்கள். களத்தில் நல்ல கதிரோடு சேர்த்து அடித்தால் பைகள் உடைந்து தூள் எல்லா மணியிலும் ஒட்டும், அடுத்த புரட்டாசியில் விதையோடு சேர்ந்து மண்ணுக்குள் போகும். விதையை நோய் இல்லாத வயலில் எடுங்கள். அப்படியும் விதைக்கும் முன் நுண்ணிய கந்தகத் தூளைப் புரட்டிக்கொள்ளுங்கள். அளவை வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டால் சொல்வார்கள். வித்து முளைத்துத் துணை தேடும் முன்பே, விதையின் தோல் மேல் வைத்தே அதை முடித்துவிடலாம்.