தூரிகைப் பக்கம்: பனி ஆறும் நான்கு ட்யூபும்

கேள்வி: பனி படர்ந்த ஆற்றங்கரையை எண்ணெய் வண்ணத்தில் வரைய நான்கு நிறம் போதுமா?

பதில்: போதும். டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் ப்ளூ (அடர்நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்). வெள்ளை மட்டும் பெரிய ட்யூபாக வாங்குங்கள். மற்ற மூன்றும் சேர்ந்தாலும் அது தீரும் அளவுக்கு ஈடாகாது. கறுப்பு தேவையில்லை. அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் ஏறத்தாழச் சமமாகக் கலந்தால் கறுப்புக்கு நெருங்கிய அடர்நிறம் கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் மரப்பட்டையின் பழுப்பு. ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் பெயரால் வழங்கும் பாலெட்டில், அதாவது நிறத் தொகுப்பில், நீலமே கிடையாது, கறுப்புதான் நீலமாக நடிக்கிறது. மந்தாரமான நாளுக்கு அது பொருந்தும். வெயில் விழுந்த பனிக்கு அல்ட்ராமரைன் வேண்டும்.

கேள்வி: என் பனி, சுண்ணாம்பு அடித்த சுவர் போலத் தெரிகிறது. ஏன்?

பதில்: ட்யூப் வெள்ளையை எடுத்த எடுப்பிலேயே பூசிவிடுகிறீர்கள். அதற்கு மேல் வெளிச்சம் காட்ட உங்களிடம் எதுவும் மிச்சமில்லை. முதலில் கேன்வாஸ் முழுவதையும் டர்பன்டைனில் (வண்ணத்தை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) கரைத்த சியன்னா, நீலக் கலவையால் நடுத்தரச் சாம்பலாக்குங்கள். பனியில் பெரும்பகுதி நிழல்தான்: வெள்ளை ஆறு பங்கு, அல்ட்ராமரைன் ஒரு பங்கு, சியன்னா கடுகளவு. வெயில் படும் இடத்துக்கு வெள்ளையில் ஓக்கர் துளி. கலக்காத வெள்ளை, கடைசியில் இரண்டு மூன்று இடங்களில் மட்டும்.

வானத்தையும் கவனியுங்கள். தெளிந்த நாளில் நீல வானத்தைவிட வெயில் பட்ட பனி பிரகாசம். மூட்டமான நாளில் வானம்தான் பிரகாசம். இதை மாற்றிப் போட்டால் எந்த நிறக் கலவையும் படத்தைக் காப்பாற்றாது. அடிவானத்தில் ஈரமான நீலத்தின் மேல் ஓக்கர் ஏறினால் பச்சை பூக்கும். அங்கே சியன்னா கலந்த வெள்ளை பாதுகாப்பு.

கேள்வி: ஆறு, நீலத் தார்ச்சாலை போல இருக்கிறதே?

பதில்: ஒரே நிறத்தை முன்னும் பின்னும் இழுத்ததன் விளைவு. தொலைவில் தண்ணீரைச் சாய்வாகப் பார்க்கிறோம், அது கண்ணாடியாகி வானத்தைக் காட்டுகிறது. காலடியில் மேலிருந்து பார்க்கிறோம். பிரதிபலிப்பு குறைந்து ஆற்றடியின் இருட்டு தெரிகிறது. ஆகவே தூரத்தில் வெளிர், அருகில் அடர். பனிக்கு நடுவே அந்த அடர்த்திதான் படத்தின் உயிர். நார்வே ஓவியர் ஃப்ரிட்ஸ் தாவ்லோவின் (1847–1906) பனி ஆறுகளைத் தேடிப் பாருங்கள்.

கரையின் பிம்பத்தில் வெளிச்சம் சற்று மங்கும், இருள் சற்று வெளிறும். பிம்பத்தை நேர்கீழாக இழுத்து, ஈரம் இருக்கும்போதே உலர்ந்த தட்டைப் பிரஷ்ஷால் குறுக்கே ஒரே ஒரு முறை தடவுங்கள். இரண்டாம் முறை தடவினால் சேறு. மினுக்குக் கோடுகள் துல்லியமாகக் கிடைமட்டமாக இருக்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஆறு மேட்டுக்கு ஓடும்.

வரிசையும் முக்கியம்: தண்ணீரை முதலில் முடித்து, பனி விளிம்பை அதன்மேல் பாலெட் கத்தியால் கனமாக வையுங்கள். ஒவ்வொரு வைப்புக்கும் கத்தியைத் துடைக்காவிட்டால் வெள்ளை அழுக்காகும். விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே மெல்லிய இருண்ட கோடு விழுந்தால்தான் பனிக்குத் தடிமன் வரும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

கேள்வி: வெள்ளை மஞ்சளாகிறது, வெடிக்கவும் செய்கிறது. வார்னிஷ் எப்போது?

பதில்: மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் வண்ணத்தில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய். வெள்ளையில் கூடுதல் எண்ணெய் விடாதீர்கள். இருட்டில் அடுக்கி வைத்ததால் வந்த மஞ்சள் என்றால், வெளிச்சமான அறையில் சில வாரம் வைக்க ஓரளவு தெளியும். வெடிப்புக்கு ட்யூபைத் திருப்பி, எந்த வெள்ளை என்று சொல்லும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள்: பிடபிள்யூ 6 (PW6) டைட்டானியம், பிடபிள்யூ 4 (PW4) ஜிங்க். ஜிங்க் படலம் நாளடைவில் நொறுங்கும். எண்ணெய் மிகுந்த பூச்சின்மேல் டர்பன்டைன் மிகுந்ததைப் பூசினாலும் வெடிக்கும். வார்னிஷுக்கு ஆறு மாதம். கனமான பனி வைத்திருந்தால் ஒரு வருடம்.