விண்கல்லில் உயிர் தேடப் போகிறாளாம்: மேலூர் அம்மாவுக்கு ஒரு பதில்

அன்புள்ள அம்மா,

மகளின் மேற்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்க அவளோடு வந்தபோது, "டாக்டருக்குப் படின்னா, விண்கல்லுல கிருமி தேடப் போறேங்குறா சார்" என்று சொன்னீர்கள், உங்கள் குரல் தழுதழுத்தது. அன்று பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன்.

நீங்கள் போன் பேச வெளியே போனபோது, மகள் பையிலிருந்து ஒரு கறுப்புக் கல்லை எடுத்து மேசையில் வைத்தாள். கண்மாய்க் கரையில் பொறுக்கியதாம். காந்தம் லேசாக ஒட்டியதும் விண்கல் என்றே நினைத்திருக்கிறாள். அப்புறம் டைல்ஸ் துண்டின் சொரசொரப்பான பின்பக்கத்தில் உரசியிருக்கிறாள். செங்காவியாகக் கோடு விழுந்திருக்கிறது. "விண்கல்லு இப்படிக் கோடு போடாது சார். இது இரும்புக்கல்லுதான்" என்றாள். ஆசையாகப் பொறுக்கிய கல்லை அவளே சோதித்து, இல்லை என்று சொன்னாள் பாருங்கள், அங்கேதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அவள் போக நினைப்பது அஸ்ட்ரோபயாலஜி, அதாவது பூமிக்கு வெளியே உயிரைத் தேடும் துறை. ஆசைப்பட்டதையே சோதித்துப் பார்ப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. 1984-ல் அண்டார்டிகாவில் ஏறக்குறைய இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கல் கிடைத்தது. ஏ.எல்.எச். 84001 என்று பெயர், செவ்வாயிலிருந்து வந்தது. 1996-ல் நாசாவின் டேவிட் மெக்கே குழு, அதிலிருந்த புழு போன்ற நுண்வடிவங்களையும் மேக்னடைட் என்ற இரும்புக் கனிமத் துகள்களையும் கரிமச் (கார்பன்) சேர்மங்களையும் காட்டி, பழைய நுண்ணுயிரின் தடயமாக இருக்கலாம் என்றது. அந்த வடிவங்கள் பாக்டீரியாவாக இருக்க முடியாத அளவு சிறியவை என்றார்கள் சிலர். மேக்னடைட் உயிரில்லாமலும் உண்டாகும் என்றார்கள் வேறு சிலர். தண்ணீரும் பாறையும் வினைபுரிந்தே அந்தக் கரிமப் பொருள் வந்தது என்று 2022-ல் ஓர் ஆய்வு சொன்னது. ஒரே கல்லை இத்தனை காலம் துருவ எவ்வளவு பொறுமை வேண்டும்!

இந்தத் துறைக்கு நமக்குப் பக்கத்திலிருந்து போனவரும் உண்டு. 1969-ல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் விண்கல்லில், புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்களைக் கண்டறிந்த குழுவின் தலைவர் சிறில் பொன்னம்பெரும. இலங்கைக்காரர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய பட்டம் தத்துவத்தில்!

சரி, வேலைக்கு வருவோம். அஸ்ட்ரோபயாலஜி என்ற பெயரில் வேலை விளம்பரம் வராது. விண்கல் ஆராயும் இடங்களும் நம் நாட்டில் குறைவு, அகமதாபாத்தில் உள்ள பி.ஆர்.எல். (இயற்பியல் ஆய்வகம்) அவற்றில் முக்கியமானது. பிளஸ் டூவுக்குப் பிறகு பிஎச்.டி. வரை முடிக்கப் பத்து வருடம் ஆகலாம். ஆனால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி வாங்கிவிட்டால், ஆய்வுக் காலத்தில் மாதம் 37,000 ரூபாயில் தொடங்கி உதவித்தொகை வரும். வீட்டில் பணம் கேட்க மாட்டாள்.

அதனால் முதலில் ஜியாலஜியில் காலூன்றட்டும். ஜியாகிரபி இல்லை, பாறைகளையும் நிலத்தையும் ஆராயும் ஜியாலஜி. மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசர்களின் நுழைவுத்தேர்வு எழுதி, இளநிலையும் முதுநிலையும் சேர்ந்த ஐந்து வருட பி.எஸ்.-எம்.எஸ். சேர்ந்தால் நல்லது, திருவனந்தபுரம், திருப்பதி இரண்டும் நமக்குப் பக்கம். கிடைக்காவிட்டால் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஜியாலஜி இருக்கிறது. பிறகு ஜாம் என்ற நுழைவுத்தேர்வை எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி. முயலலாம். விண்கல் கைகூடாவிட்டாலும் எம்.எஸ்சி. ஜியாலஜிக்கு நிலத்தடி நீர், சுரங்கம் என்று வேலை உண்டு. யு.பி.எஸ்.சி. தேர்வு வழியே இந்திய நிலவியல் (ஜியாலஜி) ஆய்வு நிறுவனத்திலும் சேரலாம். நாட்டில் விழும் விண்கற்களுக்குப் பொறுப்பே அவர்கள்தான்.

நீட் இந்த வருடம் எழுதட்டும். ஆனால் அவளுக்கு மனமில்லாமல், அதற்காக இன்னொரு வருடம் உட்கார வைக்காதீர்கள். கணக்கு டியூஷனை நிறுத்தப்போவதாகச் சொன்னீர்கள், அது வேண்டாம். ஐசர் தேர்வில் கணக்கும் வரும்.

வரும் சனிக்கிழமை அவள் அப்பாவையும் கூட்டி வாருங்கள். அந்தக் கல்லையும் டைல்ஸ் துண்டையும் மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். அவர் முன்னால் ஒருமுறை உரசிக் காட்டட்டும்.