திரவத்துக்குள் தங்க நானோ துகள் எப்படி உருவாகிறது?

‘வேதி ஒடுக்க முறை’ என்பது இதுதான்: நீரில் கரைந்த உலோக உப்பிலிருந்து, கண்ணுக்கே தெரியாத உலோக மணிகளை வளர்த்தெடுப்பது. தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியம் சிட்ரேட் (எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பு) விடுவார்கள். வெளிர்மஞ்சள் போய், கொஞ்சம் கறுத்து, அப்புறம் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். 1951-இல் வேதியியலாளர் டர்கெவிச்சும் சகாக்களும் விவரித்த வழி. துகள்கள் சுமார் 20 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). அந்த அளவில் தங்கம் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால்தான் சிவப்பு.

உப்பில் இருக்கும் தங்கம் எலக்ட்ரானை இழந்தது. சிட்ரேட் அதைத் திருப்பிக் கொடுத்ததும் தங்க அணுவாகிறது, நீரில் கரைந்திருக்க முடியாமல் மற்ற அணுக்களோடு சேர்கிறது. சரி, கட்டியாகிவிடாதா? ஆகாது. மிச்சச் சிட்ரேட் துகள்மேல் ஒட்டி எதிர்மின்னூட்டம் தருவதால் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன.

ஆடிப்பெருக்கில் காவிரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு வைத்துப் பாருங்கள், கலங்கல் லேசில் தெளியாது. களிமண் துகளிலும் அதே எதிர்மின்னூட்டம்தான். பூம்புகாரில் கடலுப்புப் பட்டதும் தள்ளல் தளர்ந்து, துகள்கள் திரண்டு படியும். (டெல்டா மண் சேர்ந்ததில் இதற்கும் பங்குண்டு.) தங்கக் கரைசலில் உப்புப் போட்டாலும் அதே கதைதான்: துகள்கள் திரள, சிவப்பு நீலமாகிவிடும்.

‘ஒடுக்கம்’ என்றதும் தங்கக் கட்டியைப் பொடியாக்கிச் சிறிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அந்தச் சொல் எலக்ட்ரான் ஏற்பதை மட்டுமே குறிக்கும், துகளோ அணுவிலிருந்து பெரிதாகிக்கொண்டுதான் வருகிறது.