நின்றால் நிற்கட்டும்

கேள்வி: டேட்டாபேஸ் இணைப்புகள், செட்டிங்குகள் எல்லாம் சர்வர் தொடங்கும்போதே தயாராக வேண்டும் என்பதற்காக, லோட்-ஆன்-ஸ்டார்ட்அப் 1 (தொடங்கும்போதே ஏற்று என்ற அமைப்பு) கொடுத்து ஒரு சர்வ்லெட் (வெப் கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) எழுதியிருக்கிறேன். நடுவில் பிழை வந்தாலும் அப்ளிகேஷன் நிற்காமல் ஓட வேண்டும். நல்ல வழி உண்டா?

பதில்: இதற்கு சர்வ்லெட் எதற்கு? 2001-இல் சர்வ்லெட் 2.3 வந்தபோதே இந்த வேலைக்கென்று, அப்ளிகேஷன் தொடங்குவதையும் முடிவதையும் கவனிக்கும் சர்வ்லெட்-கான்டெக்ஸ்ட்-லிசனர் வந்துவிட்டது. அதன் கான்டெக்ஸ்ட்-இனிஷியலைஸ்டு மெத்தட், ஃபில்டர்களும் (கோரிக்கையை சர்வ்லெட்டுக்கு முன்பே பார்ப்பவை) சர்வ்லெட்டுகளும் தயாராவதற்கு முன்பே ஓடிவிடும். 2009-இல் வந்த 3.0 முதல் கிளாஸின் மேல் வெப்லிசனர் என்ற அனோட்டேஷன் (குறிப்பு) போட்டாலே போதும். பல லிசனர்கள் குறிப்பிட்ட வரிசையில் ஓட வேண்டுமென்றால் மட்டும் அப்ளிகேஷனின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்லில் எழுதுங்கள், அனோட்டேஷனில் வரிசைக்கு உத்தரவாதம் கிடையாது.

சரி, அது என்ன "நிற்காமல்"? ஏன் நிற்கக் கூடாது? பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் காலி கேட்ச் பிளாக்கோடு எனக்கு உள்ள பகை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். லிசனரில் வரும் அந்தப் பிழையை விழுங்காமல் விட்டால், சர்வ்லெட்டுகளை ஓட்டும் சர்வரான டாம்கேட் அந்த அப்ளிகேஷனைத் தொடங்காது. அதே சர்வரில் உள்ள மற்றவை பாட்டுக்கு ஓடும். லாகைப் பார்த்தால் காரணம் அங்கேயே இருக்கும், டெப்ளாய் செய்தவரும் (அப்ளிகேஷனை சர்வரில் ஏற்றியவரும்) பக்கத்திலேயே இருப்பார். விழுங்கினீர்களோ, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும். அப்புறம் யாரோ ஒருவர் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பும்போது நல்பாயின்டர் பிழை (இல்லாத பொருளைத் தொட்டால் வருவது) வெடிக்கும். அதை வைத்து மூல காரணத்தைத் தேடுகிறவர் பாவம், காலையில் தப்பாகக் கொடுத்த பாஸ்வேர்டு வரைக்கும் எப்படிப் போய்ச் சேருவார்? கேஷை (அடிக்கடி தேவைப்படும் தரவின் தற்காலிகச் சேமிப்பை) முன்கூட்டியே நிரப்புவதுபோல, இல்லாவிட்டாலும் ஓடக்கூடிய வேலை என்றால் பிழையைப் பிடித்து லாகில் எழுதிவிட்டு மேலே போகலாம். இணைப்பே இல்லாத அப்ளிகேஷன் யாருக்கு வேண்டும்?

தொடங்குவதைப் பற்றிக் கேட்கிறவர்கள் முடிப்பதைக் கேட்பதே இல்லை. அதே லிசனரில் கான்டெக்ஸ்ட்-டிஸ்ட்ராய்டு என்று இன்னொரு மெத்தட் இருக்கிறது. நீங்கள் தொடங்கிய த்ரெட் (பின்னணியில் தனியாக ஓடும் வேலை), திறந்த கனெக்‌ஷன் பூல் (தயாராக வைத்த இணைப்புகளின் தொகுப்பு) எல்லாவற்றையும் அங்கே மூடுங்கள். மூடாவிட்டால், சர்வரை நிறுத்தாமல் மறு டெப்ளாய் செய்யும் ஒவ்வொரு முறையும் அப்ளிகேஷனின் கிளாஸ்களை ஏற்றிய பழைய கிளாஸ்லோடர் நினைவகத்தைவிட்டுப் போகாது. நிறுத்தாத த்ரெட்டைப் பற்றி டாம்கேட் லாகில் எச்சரிக்கையும் எழுதும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆனால் சர்வரை அந்தக் கணமே கொல்லும் கில் -9 கட்டளையைக் கொடுத்தால் இந்த மெத்தட் ஓடவே ஓடாது. அதனால் தரவைச் சேமிக்கிற வேலையை இதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.